சு. பேராச்சி, ந. பேராச்சி

அண்ணாச்சி, இங்க யாருக்காவது இடம் போட்டிருக்கீங்களா? இல்லையா? அப்ப கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு எதிர்க்காத்து ஆகாது. எதுவரைக்கும் போறீங்க? உடன்குடியா? நல்லதாப் போச்சு. நான் நாசரேத்துல இறங்கிருவேன். அதுக்குள்ள நீங்க எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். உங்க போன்ல நெட் இருக்குல்லா? ஒரு பேரைத் தட்டிப் பாக்கணும். என் போன்லயும் நெட் இருக்கு, இல்லாம இல்ல. ஆனா என் போன்ல அந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாதுன்னு பதினஞ்சு நாளா ஒரு வைராக்கியம். அடுத்தவங்க போன்ல பாத்தா வைராக்கியம் கெட்டதா ஆகாதுல்லா? சிரிக்காதீங்க.

இப்பவே வேண்டாம். பஸ் கருங்குளம் தாண்டட்டும். விஷயத்தைச் சொல்லாம பேரை மட்டும் சொன்னா உங்களுக்கு ஒண்ணும் விளங்காது.

என் பேரு நம்பிராஜன். பாளையங்கோட்டையில ஒரு பொம்பளப் பிள்ளைக காலேஜ்ல முப்பத்தஞ்சு வருஷம் தமிழ் வாத்தியார். போன மே மாசம் ஓய்வு. மாலை போட்டு, சந்தனம் தெளிச்சு, பித்தளைக் குத்துவிளக்கு ஒண்ணு கொடுத்து அனுப்பினாங்க. விளக்கேத்த வீட்டுல யாரு இருக்கா, அது அவங்களுக்குத் தோணல. விடுங்க.

கடைசி மூணு நாலு வருஷம் எங்க காலேஜ்ல ஒரு திட்டம் நடந்தது. நெட்ல ஒரு கலைக்களஞ்சியம் இருக்குல்லா, யாரு வேணும்னாலும் உள்ள போய் எழுதலாம், யாரு வேணும்னாலும் திருத்தலாம், அது. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரின்னு வச்சுக்கிடுங்க. அதுல ஆம்பளைகளைப் பத்தி வண்டி வண்டியா இருக்கு. பொம்பளைகளைப் பத்தி இருக்கிறது கையளவு, அதுவும் அரையும் குறையுமா. அதனால ஒவ்வொரு பிள்ளையும் பெண்கள் சம்பந்தமா, பாலினம் சம்பந்தமா ஒரு கட்டுரையை எடுத்து, ஒரு பருவம் முழுக்க உக்காந்து அதைச் சீர்படுத்தணும். எந்தக் கட்டுரையை எடுக்கலாம்னு வழி சொல்ற பொறுப்பு என் தலையில வந்து விழுந்தது. ஆம்பளை உமக்கு எதுக்கு இந்த வேலைன்னு நீங்க கேக்கலாம். டீச்சரம்மாக்களெல்லாம் நாலு மணிக்கு வீட்டுக்கு ஓடணும். சமையல் இருக்கு, பிள்ளைக இருக்கு. எனக்கென்ன? ஏழு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் லேப்ல உக்காருவேன். வீட்டுல எல்லாத்தையும் பாத்துக்க அப்ப ஒருத்தி இருந்தா.

எழுதுறது கஷ்டமில்ல அண்ணாச்சி, எதை எழுதுறதுன்னு தேர்ந்தெடுக்கிறதுதான் கஷ்டம். ஒருத்தி வந்து, "சார், நான் 'பெண்'ங்கிற கட்டுரையையே எடுத்துக்கிறேன்"ன்னா. ஏம்மா, அது கடல், நீ டம்ளரை வச்சுக்கிட்டு நிக்க, 'தாவணி'ன்னு ஒண்ணு நாலு வரியில சவலைப்பிள்ளையாக் கிடக்கு, அதைத் தேத்துன்னேன். இன்னொருத்திக்கு 'தையல்'னு எழுதிக் கொடுத்தேன். நான் நினைச்சது பழம்பாட்டுல வர்ற தையல், பொண்ணுன்னு அர்த்தம். பெண்ணுக்குத் தமிழ்ல எத்தனை பேர் இருக்குன்னு அழகா எழுதுவான்னு பாத்தா, ஒரு மாசம் கழிச்சு ஊசி, பாபின், பெடல்னு படத்தோட கொண்டாந்து நிக்கா. தப்பு என் மேலதான். நல்லா எழுதியிருந்தா, விட்டுட்டேன்.

அப்புறம்தான் மூணு கேள்வி வச்சேன். கரும்பலகையில எழுதியே போட்டுட்டேன். இந்தக் கட்டுரை இன்னும் எழுதப்படாம இருக்கா, இல்ல குறையா இருக்கா? ரெண்டாவது, அச்சுல வந்த சான்று இருக்கா? உங்க ஆச்சி சொன்னா, அத்தை சொன்னான்னு எழுதக் கூடாது. மூணாவது, அந்த ஆள் உனக்குச் சொந்தமா? சொந்தம்னா தொடாதே. சொந்தக்காரனுக்கு நடுநிலை இருக்காது. இந்த மூணாவது கேள்வியைப் பக்கத்துக் காலேஜ்காரங்களே வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. பெருமைக்குச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

கருங்குளம் போயிருச்சா? சரி. இருங்க, இன்னும் கொஞ்சம் இருக்கு.

அந்தக் களஞ்சியத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒரு பேருக்குக் கட்டுரை இருந்தா அந்தப் பேர் நீலமாத் தெரியும். இல்லன்னா சிவப்பு. பேர் இருக்கு, ஆனா தட்டினா உள்ள ஒண்ணும் இருக்காது. "இப்படி ஒரு பக்கம் இல்லை, நீங்கள் உருவாக்கலாம்"னு வரும். பிள்ளைககிட்ட நான் சொல்வேன், சிவப்பைப் பாத்தா பயப்படாதீங்க, இன்னும் யாரும் எழுதலன்னு அர்த்தம், அவ்வளவுதான்னு.

போன வருஷம் ஜனவரி. என் கடைசிப் பருவம். ஜெபக்கனின்னு ஒரு பிள்ளை, வரலாறு மூணாம் வருஷம், நாசரேத்துக்காரி. ஒல்லியா, கண்ணாடி போட்டு, பேசுறதே காதுல விழாது. அவ கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, "சார், இவங்களை எடுத்துக்கிடட்டுமா?"ன்னா.

பாத்தேன். தமிழ்நாட்டு ஓட்டப்பந்தய வீராங்கனைகள்னு ஒரு பட்டியல். முப்பது நாப்பது பேர். பாதி நீலம், பாதி சிவப்பு. எல்லாத்துக்கும் அடியில, சிவப்புல: சு. பேராச்சி, 800 மீட்டர், 1987.

அண்ணாச்சி, பேராச்சிங்கிறது என் வீட்டுக்காரி பேரு. சு.ன்னா சுடலைமுத்து, என் மாமனார். கல்யாணத்துக்கு முன்னால அவ சு. பேராச்சி. எண்பத்தொன்பதுல என்னைக் கட்டினதுக்கப்புறம் ந. பேராச்சி. பொம்பளைக்கு இனிஷியல் மாறுறது நம்ம வழக்கம்தானே. ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட், பேங்க் புஸ்தகம், எல்லாத்துலயும் நானே லீவு போட்டு அலைஞ்சு மாத்தினேன். அவ அலையக் கூடாதுன்னு. அவ போய் அப்ப ஒன்றரை வருஷம். நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவதான், எந்திரிக்கல.

செத்துப்போன பொண்டாட்டி பேரு ஒரு நாள் சாயந்தரம் காலேஜ் கம்ப்யூட்டர்ல, எனக்கு முந்தின இனிஷியலோட, சிவப்பா நின்னா எப்படி இருக்கும்? நான் என்ன கேட்டேன் தெரியுமா? "சான்று இருக்கா?"ன்னு கேட்டேன். முப்பத்தஞ்சு வருஷ வாத்தியார் வாயி, அதுவா அப்படித்தான் கேட்கும்.

"தேடிப் பாக்கேன் சார். நீங்க இந்த ஊர்தானே, இப்படி ஒரு ஓட்டக்காரங்களைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதும்மா."

வாயில வந்துருச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா, நான் சொன்னது சரிதான். தெரியும்னு சொன்னா சொந்தம்னு ஆயிரும். சொந்தம்னா என் மூணாவது கேள்விப்படி நான் வழிகாட்ட முடியாது. பாதிப் பருவத்துல பிள்ளை வேற வாத்தியாரைத் தேடி அலையணும். அவ நல்லதுக்குத்தானே சொன்னேன்? "வேற பாரு, 'பல்லாங்குழி' நல்ல தலைப்பு, படமெல்லாம் போடலாம்"னேன். அவ கேக்கல. தலைப்புத் தேர்வுப் படிவத்தை நீட்டினா. "குறிப்பிடத்தக்கவர் என்பதற்குச் சான்று போதாது"ன்னு எழுதித் திருப்பிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகா இருக்கும் அண்ணாச்சி. அன்னைக்கு அந்த ஒரு வரி ரொம்ப அழகா விழுந்தது.

நீங்க ஒரு மாதிரியாப் பாக்கீங்க. நான் அவளை ஓடக் கூடாதுன்னு சொன்னவன்னு நினைக்கீங்க. ஒரு நாளும் சொன்னதில்ல. கல்யாணமாகி மூணாம் மாசம் பெங்களூர்லருந்து கடுதாசி வந்தது. பயிற்சி முகாம், ரெண்டு மாசம், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அவங்க செலவு. அவ வாசிச்சுட்டு என் முகத்தைப் பாத்தா. நான் என்ன சொன்னேன்? "உன் இஷ்டம்"னு சொன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லல. அம்மாவுக்கு முட்டுவலி, அடுப்படியில நிக்க முடியல, அதையும் சொன்னேன், அது உள்ளதுதானே. அவ கடுதாசியை மடிச்சு அரிசிப் பானைக்கு அடியில வச்சா. முகாம் முடிஞ்ச மாசம் அதை எடுத்து அடுப்புல போட்டா. அவளாத்தான் போட்டா. யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க. யாருகிட்ட கேக்க, அதுவும் ஒரு கேள்விதான்.

ரெண்டாயிரத்து ஒண்ணுல சொந்த வீடு கட்டிப் போனோம். பரண்ல அவ டிரங்குப் பெட்டி. சர்டிபிகேட், பேப்பர்ல வெட்டினது எல்லாம் கரையான் பாதி தின்னுருந்தது. புது வீட்டுக்குக் கரையானைக் கொண்டுபோக முடியுமா? சாக்குல கட்டிப் பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டேன். அவ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. அழல, சண்டை போடல. "அந்த ஆணி வச்ச ஷூவுமா போட்டீங்க?"ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டா. ஆமான்னேன். சரின்னு உள்ள போய் பால் காய்ச்சினா.

இது எந்த ஊரு, ஸ்ரீவைகுண்டமா? இன்னும் நேரம் இருக்கு.

ஜெபக்கனி சும்மா இருக்கல. நான் மாட்டேன்னு எழுதினதை எடுத்துக்கிட்டு நூலகத்துக்குப் போயிருக்கா. பழைய பேப்பர்க் கட்டுகளை இருபது நாள் புரட்டியிருக்கா. மூக்குல துணியைக் கட்டிக்கிட்டுத்தான் புரட்டினேன் சார்னா. ரெண்டு செய்தி கிடைச்சது. போட்டோ புடிச்சுக் கொண்டாந்து என் மேசையில வச்சா. ஒண்ணுல ரெண்டு வரி. இன்னொண்ணுல படம். நெஞ்சுல நாப்பத்தேழுன்னு நம்பர், ரெட்டைச் சடையைத் தூக்கிக் கட்டி, எல்லைக் கயித்தைத் தொட்டுட்டு நிக்கா. வாயைத் திறந்து, ஈறு தெரிய, கண்ணை மூடிச் சிரிக்கா.

நான் அந்தச் சிரிப்பைப் பாத்ததில்ல அண்ணாச்சி. முப்பத்துமூணு வருஷம் ஒரே வீடு. அவ சிரிக்காதவ இல்ல. வாயைப் பொத்திச் சிரிப்பா, இல்ல சிரிச்சுட்டு உடனே அடுப்பைப் பாத்துத் திரும்பிருவா. இந்தச் சிரிப்பு எங்க வீட்டுக்குள்ள ஒரு நாளும் வரல. பயமா இருந்தது. யாரோ வேத்து மனுஷி என் பொண்டாட்டி முகத்தை வச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்தது.

"ரெண்டு சான்று ஆச்சு சார். இப்பவாவது கையெழுத்துப் போடுவீங்களா?"ன்னா ஜெபக்கனி. போட்டேன். வேற வழி? நான் போட்ட விதிதானே. மார்ச்சுல கட்டுரை ஏறிச்சு. சிவப்பு நீலமாச்சு. பிள்ளைக கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

அன்னைக்குச் சாயந்தரம் எல்லாரும் போனப்புறம் எனக்கு ஒரு அரிப்பு. அந்தப் பட்டியல்ல அவ பேரை முதல்ல சேத்தது யாரு? களஞ்சியத்துல 'வரலாறு'ன்னு ஒரு இடம் உண்டு. யாரு, எந்த நாள், எத்தனை மணிக்கு என்ன சேத்தாங்கன்னு எல்லாம் இருக்கும், மறைக்க முடியாது. பாத்தேன். பேரில்லாத ஆள், வெறும் நம்பர். இரண்டாயிரத்து இருபத்தொண்ணு, மார்ச் பதினெட்டு, காலையில ஒன்பதே முக்கால்.

கொரோனா சமயம். திட்டம் தொடங்கின வருஷம். எங்க வீட்டு ஹால்ல உக்காந்து கம்ப்யூட்டர்லதான் கிளாஸ். நான் பேசினா தெருவுக்கே கேக்கும். "பிள்ளைகளா, யாரு வேணும்னாலும் எழுதலாம், அதுக்கு யாரு உத்தரவும் வேண்டாம்"னு கத்திக்கிட்டிருப்பேன். அவ அடுப்படியில. ஒரு நாள் சோறு வைக்கும்போது கேட்டா, "ஏங்க, அதுல சிவப்பா இருந்தா என்னங்க அர்த்தம்?" நான் பேப்பர் பாத்துக்கிட்டிருந்தேன். "அப்படி ஒரு ஆளே இல்லன்னு அர்த்தம்"னேன். பிள்ளைகளுக்குச் சொன்ன மாதிரி விளக்கமாச் சொல்லியிருக்கலாம். பசி நேரம்.

ஒன்பதரை மணிக்கு முதல் கிளாஸ் முடியும். கம்ப்யூட்டரை அப்படியே வச்சுட்டுக் குளிக்கப் போவேன். நான் வர்றதுக்குப் பத்தேகால் ஆகும். வீட்டுல நானும் அவளும் மட்டும்தான், பிள்ளைகுட்டி கிடையாது. வேற யாரு போட்டிருப்பா? ஒத்தை விரலால தேடித்தேடி அடிச்சிருப்பா. ந.ன்னு அடிக்கல பாத்தீங்களா. சு.ன்னு அடிச்சிருக்கா. ஆளே இல்லன்னு அர்த்தம்னு நான் சொல்லித் தெரிஞ்சப்புறம், தானே போய் அந்தச் சிவப்புல நின்னுக்கிட்டா. ஒன்றரை வருஷம் அப்படி இருந்துட்டுத்தான் செத்தா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

ஓய்வு பெத்து வீட்டுல உக்காந்தேன்லா, அதுக்கப்புறம்தான் இன்னொண்ணு. காலையில பதினோரு மணி வாக்குல மாடியில சத்தம். தொப்பு தொப்புன்னு, ஒரே சீரா. ஏறிப் பாத்தா துணி காயுற கயிறுதான் இருக்கு. கீழ வந்தா மறுபடியும். எதிர்வீட்டுப் பாக்கியத்தாய்கிட்ட, உங்க வீட்டுல உரல் இடிக்கீங்களான்னு கேட்டேன். அந்தம்மா சொல்றா, "இல்லியே சார். முந்தி உங்க வீட்டம்மாதான் பதினோரு மணிக்கு மாடியில ஓடுவாவ. சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நாப்பது சுத்து. நான் எண்ணியிருக்கேன். உங்களுக்குத் தெரியாதா?" இருபது வருஷமாம் அண்ணாச்சி. நான் காலேஜ் போனப்புறம். வத்தல் காயப்போடப் போறேன்னுதான் என்கிட்டச் சொல்வா. வத்தலும் இருக்கும். இப்ப அந்தச் சத்தம் தினமும் வருது. நான் டிவியைச் சத்தமா வச்சுக்கிடுறேன்.

சரி, இப்ப போனை எடுங்க. சு. பேராச்சி. சு போட்டுப் புள்ளி. ஆங், அதுதான். படம் தெரியுதா? கீழ வாங்க. கடைசிப் பத்தி: "1988க்குப் பிறகு இவரைப் பற்றிய தகவல் எதுவும் கிடைக்கவில்லை." அதுக்குக் கீழ பொடி எழுத்துல பகுப்புன்னு இருக்கும். இறந்த தேதி இல்லாத ஆளை எல்லாம் எந்தப் பகுப்புல சேப்பாங்க தெரியுமா? வாசிங்க. வாழும் நபர்கள். பாத்தீங்களா? வாழும் நபர்கள்.

மனசு கேக்கல. நானே உள்ள போய், பேர் போடாம, 2022 ஆகஸ்டுல காலமானார்னு ஒரு வரி சேத்தேன். ஒரு மணி நேரத்துல போச்சு. எடுத்தது ஜெபக்கனி. "சான்று இல்லை. உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று எழுதாதீர்கள்"னு குறிப்பு. நான் சொல்லிக் கொடுத்த பாடம். ரெண்டாம் தரம் சேத்தேன், ரெண்டாம் தரமும் எடுத்தா. மூணாம் தரம், பேப்பர்ல நான் கொடுத்த கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தையே சான்றாப் போட்டேன். அச்சுல வந்ததுதானே? பேராசிரியர் நம்பிராஜன் அவர்களின் துணைவியார் திருமதி ந. பேராச்சின்னு பெருசாப் போட்டிருந்தேன். அதையும் எடுத்துட்டா. காரணத்தைப் பேச்சுப் பக்கத்துல எழுதியிருந்தா. திருத்துறவங்க தங்களுக்குள்ள பேசி முடிவு பண்ற இடம் அது. பேச்சுப் பக்கம்னு மேல இருக்கு பாருங்க, தட்டுங்க. வாசிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம்.

"இவர் ந. பேராச்சி. கட்டுரையில் இருப்பவர் சு. பேராச்சி. இவர் எங்கள் பேராசிரியரின் மனைவி. கட்டுரை எழுதும்போதே ஓட்டக்காரர் பேராச்சியைத் தெரியுமா என்று சாரிடம் கேட்டேன். தெரியாது என்று சொன்னார். எனவே இருவரும் வேறு வேறு நபர்கள்."

என் வார்த்தைதான் அண்ணாச்சி சான்று. அதைத்தான் அந்தப் பிள்ளை அங்க வச்சிருக்கா. தெரியாமத்தான் எழுதினாளா, தெரிஞ்சே எழுதினாளான்னு எனக்கு இன்னும் புரியல. அவ கண்ணாடிக்குள்ள ஒண்ணும் தெரியாது.

இந்தப் பையில என்ன இருக்குன்னு பாக்கீங்களா? எங்க கல்யாணப் பத்திரிகை. அவ தையல் டப்பாவுக்கு அடியில விரிச்சிருந்தா, அதனால தப்பிச்சது. "சுடலைமுத்து அவர்கள் குமாரத்தி பேராச்சிக்கும் நம்பிராஜனுக்கும்"னு இருக்கு. சு.வையும் ந.வையும் சேத்துச் சொல்ற காகிதம் உலகத்துல இது ஒண்ணுதான். இதை ஜெபக்கனி கையில கொடுத்து, தெரியும்மா, நான் பொய் சொன்னேன், அவ என் பொண்டாட்டிதான், செத்துப்போயிட்டான்னு சொல்லணும். அதுக்குத்தான் போறேன். போன வாரமும் போனேன். அதுக்கு முந்தின வாரமும். ரெண்டு தரமும் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுட்டு வந்துட்டேன்.

நாசரேத் வந்துருச்சா? அதுக்குள்ளயா?

இருங்க, எந்திரிச்சு வழி விட வேண்டாம். ஒரு விஷயம் சொல்றேன், நீங்க நியாயம் சொல்லுங்க. அவ மாடியில ஓடினது எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாது. நான் குளிக்கப் போன நேரத்துல என்ன பண்ணினான்னு தெரியாது. அந்தப் பிள்ளை லேப்ல வச்சு, தெரியுமான்னு கேட்டுச்சு. தெரியாதுன்னேன். இத்தனை நாளா அதைப் பொய்னு நினைச்சு வெந்துக்கிட்டிருக்கேன். பொய்யா அது? நீங்களே சொல்லுங்க. இந்தக் காகிதத்தைக் கொடுத்தா என்ன ஆகும்? சு. போயி மறுபடியும் ந. வந்துரும். வாழும் நபர்கள்ல இருந்து எடுத்துருவாங்க. அவளை ரெண்டாம் தரமும் நானே…

"நாசரேத்து டிக்கெட்டு யாரு? சார், நீங்கதான? இறங்கலியா?"

இல்லப்பா. உடன்குடிக்கு ஒண்ணு கொடு.

அண்ணாச்சி, போனை அணைச்சிராதீங்க. அந்தப் பேச்சுப் பக்கத்தை மூடிட்டு முன்னால இருந்ததுக்குப் போங்க. கீழ, பொடி எழுத்துல இருக்குல்லா, அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிங்க.